மிதிவெடி விதியல்ல

விறகு பொறுக்கப் போன பெண்ணுக்கு மிதிவெடியில் கால் போய்விடுகிறது. ஊர் கூடுகிறது, அழுகிறது. அழுது ஓய்ந்ததும் ஒரு பெரியவர் சொல்கிறார்: "என்ன செய்வது, அவள் தலையெழுத்து." எல்லோரும் தலையாட்டுகிறார்கள். வழக்கு முடிந்தது.

முடிந்ததா? தலையெழுத்தை எழுதியவன் பிரமன் என்றால், வெடியைச் செய்த தொழிற்சாலை யாருடையது? அதற்கு உரிமம் கொடுத்த அரசு எது? விலை பேசியவர் யார், வாங்கிக் கையெழுத்துப் போட்ட அமைச்சகம் எது, "இங்கே புதை" என்று கட்டளையிட்ட அதிகாரி யார்? அந்தப் பெண்ணின் கால் போனதற்குப் பின்னால் இத்தனை பெயர்களும் முகவரிகளும் இருக்கின்றன. பெரும்பாலும் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை அது. இவ்வளவு பேர் தரையில் இருக்கும்போது நாம் ஏன் வானத்தைப் பார்க்கிறோம்? வானத்தைப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. அங்கிருந்து யாரும் பதில் சொல்லப் போவதில்லை. நாமும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இந்த வசதி வேண்டாம் என்று சொன்னவர்கள் சிலர் இருந்தார்கள். 1991-ல் இரண்டு மனித உரிமை அமைப்புகள் கம்போடியாவைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. அந்த நாட்டில் 236 பேரில் ஒருவர் வெடியில் உறுப்பு இழந்தவர் என்று அது கணக்குக் காட்டியது. அடுத்த ஆண்டு, 1992 அக்டோபரில், ஆறு அமைப்புகள் ஒன்றுகூடி ஓர் இயக்கமாயின: பிரான்சின் ஹேண்டிகேப் இன்டர்நேஷனல், ஜெர்மனியின் மெடிகோ இன்டர்நேஷனல், பிரிட்டனின் மைன்ஸ் அட்வைசரி குரூப், அமெரிக்காவின் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், பிசிஷியன்ஸ் ஃபார் ஹியூமன் ரைட்ஸ், வியட்நாம் வெட்டரன்ஸ் ஆஃப் அமெரிக்கா ஃபவுண்டேஷன். செயற்கைக் கால் பொருத்துபவர்கள், வெடி அகற்றுபவர்கள், அறுவை மருத்துவத்தின் முடிவைக் கண்ணால் பார்த்தவர்கள், தாமே துப்பாக்கி ஏந்திப் போருக்குப் போய்த் திரும்பியவர்கள். ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸ். அவர்கள் வைத்த கோரிக்கை ஒன்றே ஒன்று: மனிதரைக் கொல்லும் மிதிவெடியைச் செய்யாதே, வைத்திருக்காதே, விற்காதே, புதைக்காதே.

அப்போது அரசுகள் என்ன செய்துகொண்டிருந்தன? பேசிக்கொண்டிருந்தன. 1980-ல் உருவான ஓர் ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தைத் திருத்துவதற்காக 1995-ல் வியன்னாவில் கூடினார்கள், பிறகு ஜெனீவாவில் கூடினார்கள். எந்த முடிவும் எல்லோருடைய ஒப்புதலோடுதான் எடுக்கப்பட வேண்டும் என்பது அங்கே விதி. கேட்க எவ்வளவு நாகரிகமாக இருக்கிறது! நடைமுறையில் அதன் பொருள், யாருக்கு மனமே இல்லையோ அவர் கையில் சாவி. 1996 மே மாதம் அவர்கள் பெற்றெடுத்த திருத்தத்தைப் பாருங்கள். மிதிவெடியைப் பயன்படுத்தலாம், ஆனால் கருவியால் கண்டுபிடிக்கும் அளவுக்கு அதில் உலோகம் இருக்க வேண்டும். அதற்கும் ஒன்பது ஆண்டு வரை அவகாசம் கேட்கலாம். அதாவது கால் போகலாம், தவறில்லை. காலை எடுத்த வெடி தரக்கட்டுப்பாட்டில் தேறியிருக்க வேண்டும்! சட்டம் படித்தவர்களும் சீருடை அணிந்தவர்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து கண்ட நியாயம் இது.

சர்வதேச ஒத்துழைப்பு என்றதும் நம் மனத்தில் எழும் படம் என்ன? இரண்டு தலைவர்கள் கைகுலுக்குகிறார்கள், பின்னால் கொடிகள், முன்னால் கேமராக்கள். நாடுகள் தாமாகவே மனம் திருந்தி ஒத்துழைப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். நாட்டுக்கு மனம் ஏது? நாட்டுக்குப் பட்ஜெட் உண்டு, எல்லை உண்டு, தேர்தல் உண்டு, பயம் உண்டு. மனம் மனிதருக்குத்தான் உண்டு. ஆகவே ஒத்துழைப்பு வேண்டுமென்றால் மனிதர்கள் போய் நாட்டின் கதவைத் தட்ட வேண்டும். திறக்காவிட்டால் தொடர்ந்து தட்ட வேண்டும்.

அப்படித்தான் தட்டினார்கள். எதைக் கொண்டு தட்டினார்கள் என்பதில்தான் பகுத்தறிவாளனுக்குப் பாடம் இருக்கிறது. "ஐயோ பாவம்" என்று சொல்லி எந்தத் தளபதியையும் அசைக்க முடியாது. "போர்க்களத்தில் மிதிவெடி இன்றியமையாதது" என்பது தளபதிகளின் வாதம். சரி, அதையே சோதித்துவிடுவோம் என்றது சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு. இராணுவ நிபுணர்களைக் கொண்டே பழைய போர்களை ஆராயவைத்து 1996-ல் முடிவை வெளியிட்டது. மிதிவெடியால் கிடைத்த போர்ப் பயன் மிகக் குறைவு, அது மனிதரிடமிருந்து பறித்ததோ அந்தப் பயனுக்குச் சற்றும் பொருந்தாதது என்பது அந்த முடிவு. இன்னொரு கணக்கும் மேசைக்கு வந்தது. ஒரு வெடியைச் செய்ய மூன்று டாலர் போதும். அதைத் தோண்டி எடுக்க 300 முதல் 1,000 டாலர் வரை ஆகும் என்று ஐ.நா. சொன்னது. மூன்று டாலர் போட்டவர் யார், ஆயிரம் டாலர் கட்டுபவர் யார்? இந்தக் கேள்விக்கு வேதம் தேவையில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

கம்போடியாவில் ஜேசு சபைத் துறவிகளும் இந்த இயக்கத்துக்காக உழைத்தார்கள். அவர்கள் காலையில் எழுந்து ஜெபம் செய்திருப்பார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் வைத்தது கால் இழந்தவர்களின் சாட்சியத்தையும் மருத்துவக் குறிப்பையும் வெடி கிடக்கும் வயல்களின் கணக்கையும்தான். கடவுளை நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே பக்கம் நிற்க முடிந்தது, இருவரும் தரையில் கிடந்த உண்மையைக் காட்டிப் பேசியதால்.

1996 அக்டோபரில் ஒட்டாவாவில் ஒரு மாநாடு நடந்தது. முடிவில் கனடாவின் வெளியுறவு அமைச்சர் லாயிட் ஆக்ஸ்வொர்த்தி எழுந்து, அடுத்த ஆண்டு இறுதிக்குள் இதே ஊரில் முழுத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வாருங்கள் என்றார். ராஜதந்திரிகள் திகைத்தார்கள். ஆஸ்திரியா வரைவு எழுதியது. 1997 செப்டம்பரில் ஆஸ்லோவில் இறுதிப் பேச்சு. இம்முறை எல்லோரும் ஒப்ப வேண்டும் என்ற பூட்டு இல்லை. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் போதும். இயக்கத்தின் பிரதிநிதிகள் வாசலில் பதாகை பிடித்து நிற்கவில்லை, மண்டபத்துக்குள் உட்கார்ந்து பேசினார்கள். அமெரிக்கா வந்தது. கொரியாவுக்கு விலக்கு வேண்டும், காலக்கெடுவை நீட்ட வேண்டும் என்று கேட்டது. உலகின் மிகப் பெரிய வல்லரசு கேட்டும் கிடைக்கவில்லை. அது வெளியேறியது, ஒப்பந்தம் நின்றது. அந்த டிசம்பரில் 122 நாடுகள் ஒட்டாவாவில் கையெழுத்திட்டன. 1999 மார்ச் 1 முதல் அது சட்டம்.

இந்த இடத்தில் நமக்குப் பிடித்தமான இன்னொரு மூடநம்பிக்கையையும் பார்த்துவிடுவோம். நல்ல காரியத்தை மகான்கள்தான் செய்வார்கள் என்பது அது. ஆஸ்லோ மாநாட்டுக்குத் தலைமை வகித்து, வல்லரசின் நெருக்கடிக்கு வளையாமல் அதை நடத்தி முடித்தவர் தென்னாப்பிரிக்கத் தூதர் ஜாக்கி செலெபி. பின்னாளில் தம் நாட்டின் காவல்துறைத் தலைவரானார், இன்டர்போலின் தலைவரும் ஆனார். 2010-ல் லஞ்ச வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி 15 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். இப்போது சொல்லுங்கள், ஆஸ்லோவில் உருவான ஒப்பந்தம் தீட்டுப்பட்டுவிட்டதா? ஒரு கூட்டத்தை நேர்மையாக நடத்திய மனிதர் இன்னோர் இடத்தில் நேர்மை தவறினார்; முன்னதற்கு நன்றியும் பின்னதற்குச் சிறையும் கிடைத்தன. இரண்டும் சரியே. மகானைத் தேடி அலைகிற சமூகம் அவர் வழுக்கி விழுந்ததும் அவர் செய்த நல்லதையும் சேர்த்துக் குப்பையில் போடும். விதிமுறையையும் கண்காணிப்பையும் தேடுகிற சமூகத்துக்கு அந்த இழப்பு இல்லை.

கண்காணிப்பு என்றேன். கையெழுத்திட்ட நாடு சொன்னபடி நடக்கிறதா என்று பார்ப்பது யார்? ஒப்பந்தப்படி அரசுகள் ஆண்டுதோறும் தாமே அறிக்கை கொடுக்க வேண்டும். தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளும் மாணவனை நம்பலாமா? இயக்கம் நம்பவில்லை. 1999 முதல் 'லேண்ட்மைன் மானிட்டர்' என்ற ஆண்டறிக்கையை வெளியிட்டுவருகிறது. எந்த நாடு எத்தனை வெடியை அழித்தது, எது கெடுவைத் தாண்டியது, எது மறைக்கிறது என்று பெயர் சொல்லி எழுதுகிறது. அரசு எழுதிக் கொடுத்ததைக் குடிமக்கள் சரிபார்க்கிறார்கள். அரசு சாரா அமைப்புகள் சர்வதேச ஒத்துழைப்புக்கு என்ன தருகின்றன என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை. வாக்குறுதியை எழுதவைக்கிறார்கள், எழுதியதை மறக்கவிடாமல் செய்கிறார்கள்.

பலன் உண்டா? 160-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்தன. கிடங்குகளில் இருந்த ஐந்தரைக் கோடிக்கும் அதிகமான வெடிகள் அழிக்கப்பட்டன. ஒரு காலத்தில் வெடிக்காடாகக் கிடந்த மொசாம்பிக், அறியப்பட்ட எல்லா வெடிவயல்களையும் அகற்றிவிட்டதாக 2015-ல் அறிவித்தது. போதுமா? போதாது. 2023-ல் மட்டும் மிதிவெடியாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் இறந்தவர்களும் காயமடைந்தவர்களும் 5,757 பேர் என்று அதே மானிட்டர் பதிவுசெய்தது. அதில் 84 விழுக்காடு போருக்குப் போகாத சாதாரண மக்கள்.

இனி எதிர்க்கேள்விகளுக்கு வருவோம். "இந்த என்.ஜி.ஓ.க்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்? யார் பணத்தில் ஆடுகிறார்கள்? யாருக்குக் கணக்குக் காட்டுகிறார்கள்?" நியாயமான கேள்விகள். கேட்கவே வேண்டும். 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹைதிக்கு உதவப்போன ஆக்ஸ்ஃபாம் அமைப்பின் ஊழியர் சிலர் அங்கே பாலியல் முறைகேட்டில் ஈடுபட்டார்கள். அமைப்புக்கு 2011-லேயே தெரியும்; முழு உண்மை 2018-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. வீடிழந்த பெண்ணின் பசியைப் பயன்படுத்திக்கொண்டவன் எந்தச் சின்னம் பொறித்த சட்டை போட்டிருந்தால் என்ன? மூடி மறைத்தவர்கள் எவ்வளவு நல்ல நோக்கத்தோடு மறைத்திருந்தால் என்ன? தொண்டு செய்கிறவர் என்பதற்காக ஒருவரைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக்குவது, சாமியாரைக் கேள்விக்கு அப்பாற்பட்டவராக்குகிற அதே நோய்.

ஆனால் கேள்வி கேட்பவரே, அதே தராசை எல்லோருக்கும் பிடியுங்கள். வெளிநாட்டுப் பணம் என்றால் நெற்றியைச் சுருக்குகிறீர்கள். வெளிநாட்டு ஆயுதம் என்றால்? 2019-ல் பிரான்சில் ரஃபேல் விமானத்தைப் பெற்றுக்கொண்டபோது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டது நம் அரசு. பள்ளிக்கூடம் கட்ட வந்த ஆயிரம் டாலர் ஐயத்துக்குரியது, ஆளைக் கொல்ல வந்த இயந்திரம் வழிபாட்டுக்குரியதா? எந்த அளவுகோலால் அளந்தீர்கள்?

இன்னும் கசப்பான இடத்துக்கு வருகிறேன். தமிழராகிய நாம் தவிர்க்க முடியாத இடம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் வாசலில் இருக்கிறது முகமாலை. உலகிலேயே மிக நெருக்கமாக வெடி புதைக்கப்பட்ட நிலங்களில் ஒன்று. புதைத்தது யார்? இலங்கை இராணுவம் புதைத்தது. விடுதலைப் புலிகளும் புதைத்தார்கள். பாகிஸ்தானில் செய்ததும், புலிகள் தம் பட்டறையில் செய்த ஜொனி வெடியும் ஒரே மண்ணில் கிடந்தன. மிதித்தவரின் மொழியையோ கட்சியையோ இரண்டுமே கேட்டதில்லை. எதிரி வைத்த வெடியைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறோம். நம்மவர் வைத்ததைப் பற்றி? மண்ணை மீட்கப் புதைத்தது அந்த மண்ணின் பிள்ளையையே முடமாக்கினால், அந்தக் கணக்கை யார் பெயரில் எழுதுவது? இதற்கு வாய் திறக்காதவருக்கு எதிரியின் வெடியைக் கண்டிக்கும் தகுதி பாதிதான்.

அந்த நிலத்தை இன்று முழங்காலிட்டு அங்குலம் அங்குலமாகச் சுத்தம் செய்பவர்களில் கணிசமானோர் பெண்கள். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்களும் அவர்களில் உண்டு. 2002 போர்நிறுத்தக் காலத்திலேயே ஹலோ ட்ரஸ்ட், மாக் (மைன்ஸ் அட்வைசரி குரூப்) போன்ற அமைப்புகள் வந்துவிட்டன. பின்னாளில் டாஷ், ஷார்ப் என்ற உள்நாட்டு அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. இராணுவத்தின் வெடி அகற்றும் பிரிவும் இந்த வேலையில் உண்டு. அமைப்புகளின் பணியாளர்களுக்குச் சம்பளத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டு மக்களின் வரிப்பணம் தருகிறது. இலங்கை 2017 டிசம்பரில் ஒட்டாவா ஒப்பந்தத்தில் இணைந்தது. இதில் தெய்வச்செயல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள். கருவி இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, வெயிலில் வியர்க்கும் ஒரு பெண்ணின் பொறுமை இருக்கிறது.

இந்த அமைப்புகள் இல்லாமற்போனால் என்னவாகும் என்பதையும் அதே இலங்கை காட்டியது. 2006 ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சு அமைப்பொன்றின் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். தண்டிக்கப்பட்டவர் எவரும் இல்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா.வும் வெளிநாட்டு அமைப்புகளும் போர் நடந்துகொண்டிருந்த வன்னியை விட்டு வெளியேற வேண்டும் என்றது இலங்கை அரசு. போகாதீர்கள் என்று கிளிநொச்சியில் மக்கள் வாசலில் நின்று மன்றாடினார்கள். போய்விட்டார்கள். செஞ்சிலுவைக் குழு மட்டும் எஞ்சியது. அதன் பிறகு, போரின் கடைசி மாதங்களில் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை பேர் இறந்தார்கள் என்று இன்றுவரை சண்டையிடுகிறோமே, ஏன்? எண்ண வேண்டியவர்களை முதலில் வெளியேற்றினார்கள்; கொலை அதற்குப் பிறகு வந்தது. "என்.ஜி.ஓ.க்காரன் எதற்கு" என்று அடுத்த முறை யாராவது கேட்டால் இந்த வரிசையை நினைவுபடுத்துங்கள். வெளியேறிய அமைப்புகளையும் விட்டுவிடாதீர்கள். மன்றாடிய மக்களை விட்டுப் போனதற்கு அவர்களும் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான்.

சரி, இலங்கை ஒப்பந்தத்தில் இணைந்துவிட்டது. இந்தியா? இல்லை. சீனா, ரஷ்யா, அமெரிக்கா, பாகிஸ்தான் வரிசையில் நாமும் வெளியே நிற்கிறோம். நீண்ட எல்லை, மாற்று வழி இல்லை என்பது டெல்லியின் பதில். ஐ.நா. பொதுச்சபையில் இதற்கான தீர்மானம் வரும்போது வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்கிறோம். 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் எல்லையோரம் பல லட்சம் வெடிகளைப் புதைத்தோம். பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும் விவசாயிகள் சொந்த வயலில் கால் வைக்க முடியாமல் நின்றார்கள். புதைக்கும்போதும் எடுக்கும்போதும் நம் படைவீரர்களே செத்தார்கள். போர் நடந்ததா? நடக்கவே இல்லை! போரே இல்லாமல் நம்மவர் காலை நாமே எடுத்துக்கொண்டோம். அதையும் தலையெழுத்து என்று எழுதிவிடலாமா?

காலம் பின்னோக்கிப் போகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 2025-ல் எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் ஒட்டாவா ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவெடுத்தன. ரஷ்யாவின் மீதான அவர்கள் பயம் கற்பனை அல்ல. உக்ரைனைப் பார்த்தவருக்கு அது புரியும். ஆனால் பயப்படாத நாடு கையெழுத்திட்டதை யார் பெரிதாகப் பேசுவார்கள்? பயம் வந்த நாளில் நிற்பதற்காகத்தானே வாக்குறுதி? அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, பல நாடுகளில் வெடி அகற்றும் வேலை ஒரே உத்தரவில் நின்றது. ஒப்பந்தத்தில் சேராத அதே அமெரிக்காதான் வெடி அகற்ற அதிகப் பணம் கொடுத்துவந்த நாடு. ஒரு நாட்டின் கருணையை நம்பி உலகின் பாதுகாப்பைக் கட்டினால் அந்த நாட்டின் மனநிலை மாறும் நாளில் அது சரியும். இது தொண்டு அமைப்புகளின் பலவீனம் மட்டுமல்ல. மற்ற நாடுகளின் குடிமக்கள் தம் பங்கைக் கொடுக்காததன் விளைவும் இதுதான்.

நான் கேட்பது உங்களைத்தான். கோயில் உண்டியலில் போடும்போது கணக்குக் கேட்பதில்லை. தொண்டு அமைப்புக்குக் கொடுத்துவிட்டும் கணக்குக் கேட்பதில்லை. இரண்டிலும் புண்ணியம் வாங்குகிறீர்கள், பொறுப்பை விற்றுவிடுகிறீர்கள். ஜோடி வில்லியம்ஸுக்கும் அந்த இயக்கத்துக்கும் 1997-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. இயக்கத்தின் சார்பில் ஆஸ்லோவில் பரிசை வாங்கியவர் துன் சன்னரெத். மிதிவெடியில் இரண்டு காலையும் இழந்த கம்போடியர். தன் விதியை நொந்துகொண்டு வீட்டில் இருந்திருக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. இரண்டு காலும் உள்ள உங்களுக்கு என்ன காரணம் இருக்கிறது?

உங்கள் தொகுதிக்கு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இருக்கிறார். சாலை கேட்டிருக்கிறீர்கள், தண்ணீர் கேட்டிருக்கிறீர்கள். இந்தியா ஏன் மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்று கேட்டதுண்டா? நன்கொடை கேட்டு வரும் அமைப்பிடம் தணிக்கை அறிக்கை கேட்டதுண்டா? 1992-ல் கேட்டவர்கள் ஆறே அமைப்புகள். அவர்களுக்கு எந்தத் தேவதூதனும் உத்தரவு கொண்டுவரவில்லை, எந்தத் தேர்தலும் அதிகாரம் தரவில்லை. கேட்பதற்கு அதிகாரம் தேவையில்லை என்று கண்டுகொண்டதுதான் அவர்கள் செய்த முதல் வேலை. மிதிவெடியைச் செய்ததும் மனிதன், புதைத்ததும் மனிதன், தடைசெய்ததும் மனிதன். செய்யாமல் விட்டதற்கும் மனிதன்தான் பொறுப்பு. அந்தப் பட்டியலில் உங்கள் பெயரும் என் பெயரும் இருக்கின்றன. அதை அழிக்க ஒரே வழி, நாளைக்கே உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு முதல் கடிதத்தை எழுதுவது.